முன்னாள் படைவீரர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம்: எங்கே தொடங்குவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது

என் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமானபின் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைந்தது நான். வங்கியில் கேட்டால், படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுது என்றார்கள். ரெக்கார்ட்ஸில், ராணுவ ஓய்வூதியத்துக்கான இணையத் தளமான ஸ்பர்ஷில் போடு என்றார்கள். ஸ்பர்ஷ் உதவி மையத்திலோ பெயர் ஒத்துப்போகவில்லை, திரும்ப ரெக்கார்ட்ஸுக்கே எழுது என்றார்கள். இந்தச் சுற்று உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் மனைவிக்குச் சாதகமாகவே இருக்கிறது. அவருக்கு ஓய்வூதியம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மாதக்கணக்கில் இழுப்பது, பட்டாளத்துப் பதிவில் உள்ள பெயருக்கும் ஆதாரில் உள்ள பெயருக்கும் நடுவில் இருக்கிற நாலு எழுத்து வித்தியாசம்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். இது தரைப்படைக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. கடற்படை, விமானப்படைக்கும் வழி இதேதான், அலுவலகங்கள்தான் வேறு.

1. முதலில் பிபிஓவைத் தேடி எடுங்கள்

வீட்டில் துக்கம் முடிந்ததும் எல்லோரும் ஓடுவது வங்கிக்கு. ஸ்பர்ஷ் வந்தபின் வங்கி என்பது பணம் வந்து சேரும் இடம், அவ்வளவுதான். ஓய்வூதியத்தை அனுமதிப்பதும் கணக்கில் போடுவதும் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம். பிசிடிஏ என்று சொல்வார்கள்.

நீங்கள் தேட வேண்டியவை இரண்டு: பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணை, பணியிலிருந்து விடுவித்தபோது பட்டாளம் கொடுத்த டிஸ்சார்ஜ் புக். பெரும்பாலான வீடுகளில் இவை பட்டாளத்துப் பெட்டியில்தான் இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதிய அந்தக் கறுப்புத் தகரப் பெட்டி. பழைய பிபிஓ மடிப்புகளில் கிழிந்துபோயிருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பிபிஓவில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மனைவி பெயர் இருக்கிறதா, எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது? அவருடைய பிறந்த தேதி இருக்கிறதா? குடும்ப ஓய்வூதியத் தொகை என்று ஏதாவது எழுதியிருக்கிறதா?

பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு அப்படியே ஒத்துப்போனால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 2, 4 முடித்தாலே வேலை நடந்துவிடும். ஒத்துப்போகாவிட்டால் 5 உங்களுக்குத்தான். பிபிஓவே கிடைக்கவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். ஆர்மி நம்பர் தெரிந்தால் போதும், மற்றதை எடுத்துவிடலாம்.

2. இறப்புப் பதிவு, செல்போன், ஏடிஎம் கார்டு

இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் கிடையாது. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். கிராமத்தில் வீட்டில் இறந்தால் விஏஓவிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் வருவாய்த்துறை அதிகாரி தரும் உத்தரவு இல்லாமல் பதிவு ஆகாது.

பதியப் போகும்போது டிஸ்சார்ஜ் புக்கைக் கையில் எடுத்துப் போங்கள். இறந்தவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அதில் உள்ளபடியே ஏற வேண்டும். ஊரில் எல்லோரும் கூப்பிட்ட பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டு, பிறகு அதைத் திருத்த அலைகிறவர்கள் நிறைய. சான்றிதழ் வந்ததும் ஒருமுறை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

அவருடைய செல்போன் எண்ணை உடனே ரத்து செய்யாதீர்கள். ஸ்பர்ஷில் பதிவாகியிருப்பது அந்த எண்தான், ஓடிபி அதற்குத்தான் வரும். அம்மாவின் எண் ஏறும்வரை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.

அப்புறம் ஏடிஎம். இறந்த தகவல் போய்ச் சேரும் முன் அடுத்த மாத ஓய்வூதியம் கணக்கில் விழுந்துவிடலாம். அதை எடுக்காதீர்கள். இறந்த நாள்வரை உள்ள தொகைதான் அவருடையது, மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். கூடுதலாக வந்ததைப் பின்னால் அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்து பிடிப்பார்கள். செலவுக்கு எடுத்த பணம் அந்தச் சமயத்தில் வலிக்கும்.

வாரிசுச் சான்று உடனே வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பிபிஓவில் மனைவி பெயர் இருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அது பொதுவாகத் தேவைப்படாது. இறந்த நாள்வரையிலான நிலுவைக்கு நாமினி இல்லாதபோதும், வங்கிக் கணக்கு, நிலம் போன்றவற்றுக்கும் கேட்பார்கள். எப்படியும் ஒருநாள் தேவைப்படும் என்பதால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைக்கலாம், கட்டணம் 60 ரூபாய். அது வரட்டும் என்று ஓய்வூதிய விண்ணப்பத்தை மட்டும் நிறுத்திவைக்காதீர்கள்.

3. எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வகை உண்டு. ஓய்வுபெற்றபின் இயல்பாக இறந்தவர், அல்லது பணிக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் இறந்தவர் என்றால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். கடைசியாக வாங்கிய, கணக்கில் எடுக்கத்தக்க சம்பளத்தில் 30 சதவீதம். பணியின் காரணமாக வந்த நோயிலோ பணியில் நடந்த விபத்திலோ இறந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். எதிரியின் தாக்குதலிலோ தீவிரவாதிகளின் தாக்குதலிலோ இறந்தால் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம், அந்தச் சம்பளம் முழுவதும். சம்பளம் 40,000 என்று வையுங்கள்: முறையே 12,000, 24,000, 40,000. இதற்கு மேல் அகவிலைப்படி தனி. சாதாரண வகையில் அடிப்படைத் தொகை 9,000 ரூபாய்க்குக் குறையாது. பல வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ரேங்க், சர்வீஸ் அடிப்படையிலான அட்டவணைகளும், ஒரே ரேங்க் ஒரே ஓய்வூதியத் திருத்தங்களும் இருப்பதால் இந்தக் கணக்கு நேராக வராது.

சாதாரண வகையில் ஒரு உயர்வு விகிதம் உண்டு, 50 சதவீதம். ஓய்வுபெற்றவர் இறந்தால் ஏழு வருடம் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை. பணியில் இருக்கும்போதே இறந்தால் பத்து வருடம். இதில் இரண்டு இடத்தில் வீட்டில் கலவரம் வரும். எழுபது தாண்டி இறந்தவரின் மனைவிக்கு முதல் மாதத்திலிருந்தே 30 சதவீதம்தான். "பாதியாவது வரும்" என்று அம்மாக்கள் நம்பியிருப்பார்கள், முன்பே சொல்லிவையுங்கள். உயர்வு விகிதம் வாங்குகிறவர்களுக்கோ காலம் முடிந்த மாதம் திடீரென்று குறையும். அது தவறு இல்லை, பிபிஓவிலேயே அந்தத் தேதி இருக்கும்.

4. ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவித்து விண்ணப்பிப்பது

ஸ்பர்ஷ் தளத்தில் ஓய்வூதியர் இறப்பைத் தெரிவிக்க வழி இருக்கிறது. நீங்களே செய்யலாம். முடியாதவர்கள் ஸ்பர்ஷ் சேவை மையத்துக்குப் போகலாம். பொதுச் சேவை மையங்கள், சில வங்கிக் கிளைகள், பழைய பாதுகாப்பு ஓய்வூதியப் பட்டுவாடா அலுவலகங்கள் எல்லாம் சேவை மையங்களாக இயங்குகின்றன.

இறப்புச் சான்றிதழ், பிபிஓ, மனைவியின் ஆதார், பான், அவர் பெயரிலான வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், புகைப்படம், செல்போன் எண். இவ்வளவையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பான் இல்லாத அம்மாக்கள் நிறைய, ஆதார் இருந்தால் இணையத்தில் இலவசமாக உடனடி பான் எடுத்துவிடலாம். செல்போன் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும்.

விண்ணப்பித்ததும் ஒரு எண் வரும். அதை எழுதி வையுங்கள், பிறகு யாரிடம் பேசினாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். விவரங்கள் ஒத்துப்போனால் ஓரிரு மாதத்தில் பணம் விழும், விட்டுப்போன மாதங்களுக்கான நிலுவையும் சேர்ந்து வரும். நடுவில் ஏதாவது ஆவணம் கேட்டுத் திருப்பியிருந்தால் அது தளத்தில்தான் தெரியும், வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இதில் எங்கேயும் ஓய்வூதியத் துறைக்குக் கட்டணம் கிடையாது. "நிலுவையில் இத்தனை சதவீதம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவர்கள் நீங்கள் செய்யப்போகும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள் என்று அழைப்பு வந்தால் பேச்சே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

5. பெயர் ஒத்துப்போகவில்லை, அல்லது பெயரே இல்லை

பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். பிபிஓவில் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி, பாஸ்புக்கில் எம். லட்சுமி. நம் ஊர் இனிஷியல் வழக்கம் பட்டாளத்துக்குப் புரிவதில்லை. அப்பா பெயரை முழுதாக எழுதி அதையே குடும்பப் பெயர் போலப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள், டிஸ்சார்ஜ் புக்கில் வேறு வருடமே இருக்கும்.

பதற்றத்தில் உடனே ஆதார் மையத்துக்கு ஓடாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான். அந்த வாய்ப்பை பிபிஓவைப் பார்க்காமல் செலவழித்துவிட்டால் பின்னால் வழி இருக்காது.

என் கணக்கு இப்படி. ஓரிரு எழுத்து, இனிஷியல் என்ற அளவில் வித்தியாசம் இருந்தால், பிபிஓவில் உள்ளபடி ஆதாரை மாற்றுவதே சுலபம், செலவும் நூறு ரூபாய்க்குள். ஆதாரை மாற்றினால் பான், பாஸ்புக் இரண்டையும் அதே எழுத்தில் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பிரச்சினை தீர்ந்து இன்னொன்று முளைக்கும். பெயரே வேறு என்றால், அதாவது பட்டாளத்தில் ராசாத்தி, மற்ற எல்லாவற்றிலும் சரோஜா என்றால், பட்டாளத்துப் பதிவைத்தான் திருத்த வேண்டும். பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, பட்டா எல்லாவற்றையும் ஒரு பழைய பதிவுக்காக மாற்ற முடியாது.

பதிவைத் திருத்துவது ரெக்கார்ட்ஸ் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈஎம்ஈ (மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு), ஏஓசி (ராணுவத் தளவாடப் பிரிவு) என்றால் செகந்திராபாத். ஓய்வுக்குப் பிறகு டிஎஸ்சி என்கிற பாதுகாப்புக் காவல் பிரிவில் சேர்ந்து வேலை பார்த்திருந்தால் அந்தச் சர்வீஸுக்கு ரெக்கார்ட்ஸ் கண்ணூரில். பலரும் பழைய ரெஜிமென்ட்டுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள்.

நேரடியாக எழுதலாம். ஆனால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. நீங்கள் எழுதுவது ஒரு குடும்பத்தின் மனு. அவர்கள் முகப்புக் கடிதம் வைத்து அனுப்புவது அலுவலகக் கடிதம், அதற்குப் பதில் வரும். அங்கே இருக்கிற பணியாளர்களில் பலர் முன்னாள் படைவீரர்களே என்பதால் திருமணம், பிறப்பு போன்றவற்றைப் பட்டாளத்துப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் என்றால் என்ன என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. கணவனை இழந்தோருக்கான அடையாள அட்டையும் அங்கேதான் வாங்க வேண்டும், அதே நாளில் விண்ணப்பித்துவிடுங்கள்.

பெயர் திருத்தத்துக்குப் பொதுவாகக் கேட்பவை: இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம், டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களின் நகல், பிபிஓ, ஆதார், பான். சில ரெக்கார்ட்ஸ் பத்திரிகை விளம்பரமும் கேட்கும். உறுதிமொழிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள், நாசிக்கிலும் ஜபல்பூரிலும் தமிழ் படிக்க ஆள் தேட மாட்டார்கள். நோட்டரி போதுமா, மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இதில்தான் பல மனுக்கள் திரும்புகின்றன.

பெயரே இல்லை என்பது இன்னும் நீண்ட வழி. ஓய்வுக்குப் பின் திருமணம் ஆகியிருக்கலாம், முதல் மனைவி இறந்து மறுமணம் செய்திருக்கலாம், அல்லது திருமணத்தை அவர் யூனிட்டில் பதியவே இல்லாமல் இருந்திருக்கலாம். ஓய்வுக்குப் பின் மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு, அந்தச் சந்தேகம் வேண்டாம். திருமணச் சான்றிதழ், முதல் மனைவி இருந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றிதழ் அல்லது விவாகரத்துத் தீர்ப்பு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்று எல்லாம் வேண்டும். ரெக்கார்ட்ஸ் சரிபார்த்து பிசிடிஏவுக்கு அனுப்பி, திருத்திய பிபிஓ வரும். மாதக்கணக்கில் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கணவர் இன்னும் உயிரோடு இருக்கும் வீட்டார் இதைப் படித்தால், இந்த ஐந்தாவது படியை இப்போதே முடித்துவிடுங்கள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாரங்களில் முடிகிற காரியம் இது.

6. போரிலோ பணியிலோ இறந்திருந்தால்

இங்கே வேறு கணக்கு. இறப்பை ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள், ஏ என்பது பணிக்குச் சம்பந்தமில்லாதது. ஓய்வூதியம் எந்த விகிதம் என்பதை அந்த ஒரு எழுத்துதான் தீர்மானிக்கும். அதனால் யூனிட்டிலிருந்து வரும் அதிகாரியிடம் முதலில் கேட்க வேண்டியது, மரணம் குறித்துப் பட்டாளத்துக்குள் நடந்த விசாரணையின் (கோர்ட் ஆஃப் என்கொயரி) முடிவு என்ன, போர் இழப்பாக (பேட்டில் கேஷுவல்டி) அறிவித்திருக்கிறார்களா என்பது. அந்தச் சான்றின் நகலை வாங்கி வையுங்கள். பிள்ளைகளின் படிப்பிலிருந்து வருமான வரி வரை பின்னாளில் அது ஒன்றுதான் பேசும்.

ஓய்வூதியத்தைத் தவிர மத்திய அரசின் கருணைத்தொகை உண்டு. 1-1-2016 முதல் பணியின்போது விபத்தில் இறந்தாலும் தீவிரவாதிகளின் தாக்குதலில் இறந்தாலும் 25 லட்சம், எல்லை மோதலில் இறந்தால் 35 லட்சம், நாடுகளுக்கிடையிலான போரில் எதிரியால் இறந்தால் 45 லட்சம். ராணுவக் குழுக் காப்பீடு, மாநில அரசின் உதவி எல்லாம் இதற்குத் தனி.

மாமனார் வீட்டுக்கும் மருமகளுக்கும் நடுவில் சண்டை வருவதும் இங்கேதான். ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்: காப்பீட்டுத் தொகை நாமினேஷனில் எழுதியபடி போகும், குடும்ப ஓய்வூதியத்தில் முதல் உரிமை மனைவிக்கு. மறுமணம் செய்தால் எல்லாம் போய்விடும் என்று சிறு வயதுப் பெண்களை மிரட்டுவதைக் கேட்டிருக்கிறேன். தாராளமயக் குடும்ப ஓய்வூதியத்தில் மறுமணத்துக்குப் பிறகும் தொடர விதி இருக்கிறது. ரெக்கார்ட்ஸிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள்.

7. "இல்லை" என்று பதில் வந்தால்

மரணமோ ஊனமோ பணியால் ஏற்பட்டதல்ல என்று மறுத்தால் அந்தக் கடிதத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு. பிறகு சென்னையில் இருக்கும் ராணுவத் தீர்ப்பாயத்தின் மண்டல அமர்வு. தாமதமாகப் போனாலும் ஓய்வூதிய வழக்குகளை எடுத்துக்கொள்வது உண்டு, ஆனால் நிலுவை பெரும்பாலும் வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் கைவிட்டுப்போகிற பணம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு.

மேல்முறையீட்டுக்கு மருத்துவக் குழு அறிக்கை, விசாரணை ஆவணங்கள் வேண்டும். ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். நம் மாநில அலுவலகங்களுக்கு ஒட்டுவது போல கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் மத்திய அலுவலகங்களில் ஏற்க மாட்டார்கள். தபால் ஆர்டர் வைக்கவும், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ தளத்திலேயே கட்டவும். 30 நாளில் பதில் தர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். "எல்லா ஆவணமும் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், ஆர்மி நம்பரைப் போட்டு ஒவ்வொரு ஆவணத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

8. பணம் வரத் தொடங்கியபின்

வருடா வருடம் உயிர்வாழ் சான்று. இணையத்தில் உயிர்வாழ் சான்று தரும் ஜீவன் பிரமாணில் போடும்போது பட்டுவாடா செய்வது யார் என்ற இடத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்தால் அது ஸ்பர்ஷுக்குப் போகாது, ஓய்வூதியம் நின்றுவிடும். ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுங்கள். கைரேகை விழாத வயதானவர்களுக்கு முகத்தை வைத்துப் பதியும் செயலி இருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்ய 70 ரூபாய்.

ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கார்டை அம்மா பெயருக்கு மாற்றுங்கள். அப்பாவின் கார்டு முடக்கப்பட்டபின் அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் போய் நின்றால் பணம் கட்டச் சொல்வார்கள்.

அம்மாவுக்கு 80 வயது ஆகும்போது அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறில் முழுதும் இரட்டிப்பு. ஸ்பர்ஷில் பிறந்த தேதி சரியாக இருந்தால் தானாக ஏறும். பழைய பிபிஓக்களில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. அப்படி இருந்தால் 80ஐ எட்டும்வரை காத்திருக்காமல் பான், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் இவற்றில் எது இருக்கிறதோ அதை வைத்து இப்போதே ஏற்றச் சொல்லுங்கள்.

குடும்ப ஓய்வூதியத்துக்கு வருமான வரி உண்டு. சம்பளம் என்ற தலைப்பில் வராது, இதர வருமானமாகக் காட்டி அதற்குரிய கழிவை எடுக்க வேண்டும். பணி நடவடிக்கையில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு வரும் ஓய்வூதியத்துக்கு வரியே கிடையாது. ஆறாவது படியில் சொன்ன சான்று இங்கேயும் தேவைப்படும், ஆடிட்டரிடம் அதன் நகலைக் கொடுத்துவையுங்கள்.